ரூஸ் என்ற நாட்டுப் பெயர் நிலைத்தது. வைக்கிங்குகளின் ஊர்ப் பெயர்கள் ஏன் நிலைக்கவில்லை?

கேள்வி
எழுதியவர்: முனிர்க்கா மாணவி

அனைவருக்கும் வணக்கம். நான் தில்லியில் ரஷ்ய மொழி பயின்று வருகிறேன். இந்தப் பருவத்தில் பழைய ரஷ்ய வரலாறும் எங்களுக்கு ஒரு தாளாக இருக்கிறது. கீவ் நகரைத் தலைமையாகக் கொண்ட முதல் அரசை ஆண்டவர்கள் ஸ்காண்டிநேவியாவிலிருந்து வந்த வைக்கிங்குகள் என்றும், ரூஸ் என்ற பெயரும் அவர்கள் வழியாகவே வந்தது என்றும் வகுப்பில் சொன்னார்கள்.

என் ஐயம் இதுதான். ஒரு நாட்டுக்கே பெயர் கொடுக்கும் அளவுக்கு அவர்கள் செல்வாக்குப் பெற்றிருந்தால், ஊர்களுக்கும் ஆறுகளுக்கும் அவர்கள் வைத்த பெயர்கள் ஏராளமாக மிஞ்சியிருக்க வேண்டும் அல்லவா? இங்கிலாந்தின் வடக்கு, கிழக்குப் பகுதிகளின் வரைபடத்தைப் பார்த்தால் கிரிம்ஸ்பி, விட்பி, டெர்பி என்று டேனியர் விட்டுச் சென்ற பெயர்கள் அடுத்தடுத்து வருகின்றன. ரஷ்யா, உக்ரைன், பெலாரஸ் வரைபடங்களில் அப்படி எதுவும் என் கண்ணில் படவில்லை. நோவ்கரோத் என்பது புதிய நகர் என்று பொருள்படும் ஸ்லாவியப் பெயர். ஸ்மொலென்ஸ்க், செர்னிகோவ் ஆகியவையும் ஸ்லாவியப் பெயர்களாகவே தோன்றுகின்றன. என்னுடன் படிக்கும் தோழி இதையே சான்றாகக் காட்டி, வைக்கிங் வரலாறு முழுவதும் ஜெர்மானிய அறிஞர்கள் கட்டிவிட்ட கதை என்று வாதிடுகிறாள். அவளுக்குத் தக்க விடை சொல்ல என்னால் இயலவில்லை. வரலாறும் மொழியியலும் அறிந்தவர்கள் விளக்கினால் பெரிதும் உதவியாக இருக்கும்.


மறுமொழி 1
எழுதியவர்: மயூர் விஹார் வாசகர்

அன்புள்ள மாணவிக்கு,

உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக்கொண்டால் குழப்பம் பாதி தீரும். ரூஸ் என்ற பெயர் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. அந்தப் பெயரைக் கொண்டுவந்தவர்கள் மண்ணில் ஏன் தடம் பதிக்கவில்லை என்பது மற்றொன்று. என் கருத்தில் இரண்டாவதுதான் சுவையானது. ஆனாலும் முதலாவதைச் சொல்லாமல் அதற்குள் போக முடியாது.

839-ஆம் ஆண்டில், பைசாந்தியப் பேரரசர் தியோஃபிலோஸ் அனுப்பிய தூதர்களுடன் சிலர் ரைன் ஆற்றங்கரையில் உள்ள இங்கெல்ஹைமுக்கு வந்து, பிராங்கியப் பேரரசர் லூயியின் அவையில் நின்றார்கள். அவர்கள் தம் இனத்தை 'ரோஸ்' என்று சொல்லிக்கொண்டார்கள். கான்ஸ்டான்டிநோபிளுக்கு வந்த வழியில் கொடிய இனத்தவர் இருப்பதால், வேறு வழியாக ஊர் திரும்ப உதவி வேண்டினார்கள். ஒற்றர்களாக இருக்கலாம் என்று ஐயுற்ற லூயி விசாரித்தபோது, அவர்கள் சுவீடியர் இனத்தவர் என்று தெரியவந்தது. பிராங்கியர்களின் ஆண்டுக்குறிப்பில் அந்தக் காலத்திலேயே பதிவான செய்தி இது. எந்தப் பிற்கால ஜெர்மானியப் பேராசிரியரும் புகுத்தியது அன்று. வைக்கிங் அரச மரபைத் தொடங்கியவராகச் சொல்லப்படும் ரூரிக்கின் வருகைக்கு ரஷ்ய ஆண்டுக்குறிப்பு நூல் கொடுக்கும் 862-ஆம் ஆண்டுக்கும் முந்தையது என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மொழியியல் சான்று இதைவிட வலுவானது என்பேன். ஃபின்னிய மொழியில் சுவீடனுக்கு இன்றும் ருவோட்சி என்றே பெயர். எஸ்தோனிய மொழியில் ரோட்சி. ரஷ்யாவை அவர்கள் குறிப்பது முற்றிலும் வேறான ஒரு சொல்லால். ருவோட்சி என்பதன் மூலம் வைக்கிங்குகளின் மொழியான பழைய நார்ஸில் துடுப்பு வலிப்பதைக் குறிக்கும் சொல் என்பதே பெரும்பாலான மொழியியலாளர்களின் முடிவு. சுவீடனின் கிழக்குக் கடற்கரைப் பகுதியான ரூஸ்லாகனின் பெயரிலும் அதே வேர் இருக்கிறது. படகு வலித்து வந்தவர்களை பால்டிக் கடலோர ஃபின்னியர் அந்தப் பெயரால் அழைத்தார்கள். ஃபின்னியர் வாயிலிருந்து அது ஸ்லாவியரிடம் சென்றது. இதற்கு இலக்கணமே சாட்சி சொல்கிறது. ஸ்லாவியர் தம் வடக்கு அண்டையினரான ஃபின்னியக் குலங்களின் பெயர்களை ஒரே வார்ப்பில் மாற்றிக்கொண்டார்கள்: சுவோமி என்பது சூம் ஆயிற்று, ஹேமே என்பது யாம் ஆயிற்று, வெப்ஸா என்பது வெஸ் ஆயிற்று. ருவோட்சி ரூஸ் ஆனதும் அதே வார்ப்பில்தான். இந்தப் பெயர்கள் அனைத்தும் பழைய ரஷ்ய மொழியில் பெண்பால் ஒருமையில் நின்று ஒரு கூட்டத்தைக் குறிப்பவை. தெற்கே கீவுக்கு அருகில் ஓடும் ரோஸ் ஆற்றிலிருந்து பெயர் வந்தது என்பவர்களால் இந்த ஒழுங்கை விளக்க முடிவதில்லை.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இங்கிலாந்தில் குடியேறிய டேனியர் உழவர்கள். நிலத்தைப் பங்கிட்டு, வீடு கட்டி, பயிர் செய்தார்கள். உழுபவனுக்கு ஒவ்வொரு மேட்டுக்கும் ஓடைக்கும் பெயர் வேண்டும். கிரிம்ஸ்பியின் ஈற்றில் உள்ள 'பி' அப்படிப்பட்ட பண்ணைக் குடியிருப்பைக் குறிப்பதே. கிழக்கே போனவர்கள் மண்ணைத் தேடிப் போகவில்லை. மென்மயிர்த் தோல், மெழுகு, தேன், அடிமைகள் ஆகியவற்றைத் திரட்டி, ஆறுகள் வழியாகத் தெற்கே கொண்டுபோய், சமர்கந்து, தாஷ்கந்து அச்சாலைகளில் அடித்த அரபு வெள்ளி நாணயங்களையும் பைசாந்தியப் பட்டையும் பெறுவதே அவர்கள் தொழில்.

அந்தத் தொழிலின் ஓராண்டுச் சுற்றை 950 வாக்கில் பேரரசர் ஏழாம் கான்ஸ்டன்டைன் தம் மகனுக்காக எழுதிய ஆட்சி நூல் விரிவாகச் சொல்கிறது. நவம்பர் தொடங்கியதும் ரூஸ் தலைவர்கள் தம் ஆட்கள் அனைவருடனும் கீவை விட்டுக் கிளம்பி, திரெவ்லியர், திரகோவிச்சியர், கிரிவிச்சியர், செவெரியர் முதலிய ஸ்லாவியக் குலங்களிடையே சுற்றுக்குப் போகிறார்கள். குளிர்காலம் முழுவதும் அந்தக் குலங்கள் இவர்களுக்குச் சோறு போட வேண்டும். ஏப்ரலில் நீப்பர் ஆற்றின் பனிக்கட்டி உருகியதும் கீவுக்குத் திரும்புகிறார்கள். இதற்கிடையே ஸ்லாவியர் காடுகளில் மரம் வெட்டிக் குடைந்து செய்த ஓடங்களை ஆற்றில் மிதக்கவிட்டுக் கொண்டுவந்து இவர்களுக்கு விற்கிறார்கள். ஜூனில் ஓடங்கள் தெற்கே புறப்படுகின்றன. இந்த வாழ்க்கையில் ஊருக்குப் பெயர் வைக்க வேண்டிய தேவை எங்கே எழுகிறது? வரி கொடுப்பவன் தன் ஊருக்கு என்ன பெயர் சொல்கிறானோ அதுவே வாங்குபவனுக்கும் போதும்.

ஆனால் வரி கொடுப்பவனுக்கு ஒரு பெயர் தேவைப்பட்டது. ஆண்டுதோறும் வந்து வாங்கிப் போகிறவர்கள் யார்? ரூஸ். அவர்களுக்குக் கொடுக்கும் நிலம் எது? ரூஸ் நிலம். அதற்கு முன் அந்தக் குலங்கள் அனைத்தையும் ஒருசேரக் குறிக்கும் நாட்டுப் பெயர் எதுவும் அங்கே இல்லை என்பதே என் பார்வையில் இதன் சாவி. நம் வரலாற்றை எண்ணிப் பாருங்கள். சோழர்கள் தொண்டை மண்டலத்துக்கு ஜெயங்கொண்ட சோழமண்டலம் என்று பெயர் சூட்டினார்கள். கல்வெட்டுகளில் அப்பெயர் நெடுங்காலம் பொறிக்கப்பட்டது. இருந்தும் அது மறைந்து, தொண்டை நாடு என்ற பழம்பெயரே மக்களிடம் நின்றது. ஏற்கெனவே வேரூன்றிய ஒரு பெயர் அங்கே இருந்தது. நீப்பர் கரையில் குலப் பெயர்கள் இருந்தன, ஊர்ப் பெயர்கள் இருந்தன. அவற்றுக்கு மேலான இடம் வெறுமையாக இருந்தது. ரூஸ் என்ற பெயர் போய் அமர்ந்தது அந்த இடத்தில்.


மறுமொழி 2
எழுதியவர்: சரோஜினி நகர் வாசகி

தங்கைக்கு வணக்கம். மயூர் விஹார் ஐயா சொன்னதன் அடிப்படையை ஏற்கிறேன். ஆயினும் பெயர் வைக்கும் தேவையே அவர்களுக்கு எழவில்லை என்பதை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. அவர்கள் நிறையப் பெயர்கள் வைத்தார்கள். அவை அவர்கள் வாயிலேயே தங்கிவிட்டன. உள்ளூர் மக்கள் அவற்றை எடுத்துக்கொள்ளவில்லை.

நோவ்கரோதை அவர்கள் ஹோல்ம்கார்த் என்றார்கள். கீவ் அவர்களுக்குக் கேனுகார்த். கான்ஸ்டான்டிநோபிள் மிக்லகார்த், அதாவது மாநகர். ரூஸ் நாடு முழுவதையும் ஐஸ்லாந்துக் கதைகள் கார்தாரிக்கி என்று அழைக்கின்றன. ஓர் ஊருக்கு இரண்டு பெயர்கள் இருக்க, மண்ணில் வாழ்ந்தவர்களின் பெயர் நிலைத்தது. கடந்து போனவர்களின் பெயர் பாட்டிலும் கதையிலும் மட்டும் நின்றது. லடோகா இதில் தனி வகை. ஸ்தாராயா லடோகாவில் கிடைத்த மரங்களின் வளையங்கள் 753-ஆம் ஆண்டைக் காட்டுகின்றன. அத்தனை தொன்மையான அந்தத் துறைமுகத்தின் பெயர் நார்ஸும் அன்று, ஸ்லாவியமும் அன்று. அங்கே முன்பே வாழ்ந்த ஃபின்னியரின் சொல் அது. அதை நார்ஸ் மக்கள் அல்தெய்க்யுபோர்க் என்று தம் நாவுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள். ஸ்லாவியர் லடோகா என்றார்கள்.

ஒரே ஓர் இடத்தில் அவர்கள் வைத்த இயற்கைப் பெயர்கள் எழுத்தில் பிழைத்திருக்கின்றன. ஐயா குறிப்பிட்ட அதே கான்ஸ்டன்டைன் நூலில், இன்றைய ஸபரோஷியாவுக்கு வடக்கே நீப்பர் ஆறு பாறைகளில் மோதிச் சீறிப் பாய்ந்த 7 இடங்களின் பெயர்கள் 'ரூஸ் மொழியில் இப்படி, ஸ்லாவிய மொழியில் இப்படி' என்று இணையிணையாகக் கொடுக்கப்பட்டுள்ளன. உல்வோர்சி என்பது தீவுப் பாய்ச்சல். கெலாந்திரி என்பது பேரொலி எழுப்புவது. வருஃபோரோஸ் என்பது அலைப் பாய்ச்சல். கிரேக்க எழுத்தில் சிதைந்திருந்தாலும் இவை நார்ஸ் சொற்கள் என்பது மறைவதில்லை. உங்கள் தோழியிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள். 10-ஆம் நூற்றாண்டின் நடுவில் ரூஸ் மொழியும் ஸ்லாவிய மொழியும் இரு வேறு மொழிகள் என்று அருகிலிருந்து பார்த்த ஒருவர் எழுதியிருக்கிறார்.

நான்காவது பாய்ச்சலான ஐஃபோரைப் பற்றிய பகுதியை எத்தனை முறை படித்தாலும் அங்கே நிற்பது போன்ற உணர்வு எனக்கு ஏற்படுகிறது. அங்கே ஓடங்கள் எல்லாம் கரை சேர்கின்றன. புல்வெளி நாடோடிகளான பெச்செனெகு இனத்தவரின் குதிரைப்படை பாய்ந்துவிடாமல் காக்கச் சிலர் காவலுக்கு நிற்கிறார்கள். மற்றவர்கள் சரக்குகளை எடுத்துக்கொண்டு, சங்கிலியால் பிணைத்த அடிமைகளைக் கரைவழியாக 6 மைல் நடத்திச் செல்கிறார்கள். பிறகு ஓடங்களை இழுத்தும் தோளில் சுமந்தும் பாய்ச்சலுக்கு அப்பால் கொண்டுபோய் மீண்டும் நீரில் இறக்குகிறார்கள். உயிர் போகும் இடத்துக்கு, அந்த வழியே போகிறவன் தன் மொழியில் பெயர் வைத்தே தீர வேண்டும். பால்டிக் கடலில் உள்ள காட்லாந்துத் தீவில் 10-ஆம் நூற்றாண்டு ரூன் கல் (வைக்கிங்குகளின் எழுத்து பொறித்த கல்) ஒன்றில் அதே பெயர் வருகிறது: ஹ்ராஃப்ன் என்பவனின் நினைவாக அவன் சகோதரர்கள் நிறுத்திய கல், அவர்கள் தொலைதூரம் சென்று ஐஃபூரை அடைந்தார்கள் என்கிறது. அரசர் எழுதியதும் சகோதரர்கள் பொறித்ததும் ஒன்றையொன்று உறுதி செய்கின்றன. இந்த ஆற்றுவழியின் கடைசியில், கருங்கடலில் உள்ள பெரசான் தீவில் 1905-ஆம் ஆண்டு கிடைத்த மற்றொரு ரூன் கல், கிரானி என்பவன் தன் கூட்டாளி கார்லுக்காகச் செய்த கல்லறையைச் சொல்கிறது.

அந்தப் பாய்ச்சல்கள் இப்போது கண்ணுக்குத் தெரிவதில்லை. 1932-இல் நீப்பர் நீர்மின் அணை எழுந்தபோது அவை நீருக்குள் மூழ்கிவிட்டன.

ஆட்பெயர்களையும் பாருங்கள். 911-ஆம் ஆண்டு பைசாந்தியத்துடன் செய்த ஒப்பந்தத்தில் 'நாங்கள் ரூஸ் இனத்தவர்' என்று கூறும் தூதர்கள் 15 பேர்: கார்லி, இனெகெல்த், ஃபார்லோஃப், வெரெமுத், ருலாவ், ருவால்த் என்று நீளும் பட்டியல். பெரும்பாலானவை நார்ஸ் பெயர்கள் என்பதைக் கேட்டதும் உணரலாம். ஆயினும் 907-ஆம் ஆண்டின் கீழ் வரும் உடன்படிக்கையில் இவர்கள் ஆணையிடுவது ஓதின் மீதோ தோர் மீதோ அன்று. ஸ்லாவியத் தெய்வங்களான பெரூன், வோலோஸ் மீது. 944-ஆம் ஆண்டு ஒப்பந்தத்துக்கு வரும்போது ஆளும் குடும்பத்துக்குள்ளேயே ஸ்வியத்தஸ்லாவ், விளாதிஸ்லாவ், பிரெத்ஸ்லாவா என்ற ஸ்லாவியப் பெயர்கள் புகுந்துவிட்டன. தந்தை கீவ் அரசர் இகோர், அதாவது நார்ஸ் இங்வார், தாய் ஒல்கா, அதாவது ஹெல்கா, மகன் ஸ்வியத்தஸ்லாவ். ஒரே தலைமுறையில் நாக்கு மாறியதை அந்த வீட்டின் பெயர்ப் பட்டியலிலேயே காணலாம்.


முனிர்க்கா மாணவி

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மிகுந்த நன்றி. பாய்ச்சல்களின் பெயர்ப் பட்டியலைத் தோழியிடம் காட்டினேன், அமைதியாகப் படித்தாள். பின்னர் இரண்டு கேள்விகள் எழுப்பினாள். விளாதிமிர் என்ற பெயர் வால்டிமார் என்ற ஸ்காண்டிநேவியப் பெயரின் திரிபு என்று சிலர் கூறுகிறார்களே, அது சரியா? அடுத்து, இந்தக் கொள்கையை முதலில் எழுதியவர்கள் ஜெர்மானியர்கள் என்பது உண்மைதானே. அதில் அரசியல் இருந்திருக்காதா?


மறுமொழி 3
எழுதியவர்: கரோல் பாக் ஆசிரியர்

அன்புள்ள மாணவிக்கு, முதல் கேள்விக்கு விடை எளிது. திசை தலைகீழ். விளாதிமிர் என்பது ஆளுதலைக் குறிக்கும் ஸ்லாவிய வேரிலிருந்து பிறந்த பெயர். அதுவே வடக்கே போய் வால்டிமார் ஆயிற்று. டென்மார்க்கின் அரசர் முதலாம் வால்டிமார் 1131-இல் பிறந்தார். அவர் தாய் இங்கெபோர்க் கீவ் இளவரசர் ம்ஸ்திஸ்லாவின் மகள். ம்ஸ்திஸ்லாவின் தந்தை விளாதிமிர் மொனமாக். கொள்ளுப்பாட்டன் பெயரே டென்மார்க் அரியணைக்கு ஏறியது. அந்த ம்ஸ்திஸ்லாவையோ வடநாட்டார் ஹரால்ட் என்று அழைத்தார்கள். 1066-இல் ஹேஸ்டிங்ஸ் போரில் இறந்த இங்கிலாந்து அரசர் ஹரால்டின் மகள் வயிற்றுப் பேரன் அவர். பெயர்கள் ஒரு திசையில் மட்டும் போகவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான குடும்பம் வேண்டியதில்லை. பொதுச் சொற்களிலும் இதுவே நிலை: ரஷ்ய மொழியின் க்னூத் என்ற சவுக்கும் த்யூன் என்ற பழைய அரண்மனை அலுவலரும் வடக்கிலிருந்து வந்த சொற்கள்; சுவீடிய மொழியில் சந்தைத் திடலைக் குறிக்கும் தோரி என்ற சொல் ஸ்லாவியரிடமிருந்து போனது.

இரண்டாவது கேள்வியில் உங்கள் தோழியின் பக்கம் நியாயம் உண்டு. அரசியல் இருந்தது, இருபுறமும் இருந்தது. 1730-களில் பேயர், 1749-இல் முல்லர் என்று பீட்டர்ஸ்பர்க் அறிவியல் கழகத்தில் பணியாற்றிய ஜெர்மானிய அறிஞர்களே இதை முன்வைத்தார்கள். முல்லர் ஆயத்தம் செய்த உரையைக் கடுமையாக எதிர்த்தவர் ரஷ்ய அறிஞர் மிகைல் லமனோசவ். சுவீடனுடன் நடந்த போர் 1743-இல்தான் முடிந்திருந்தது. நம் முதல் அரசர்கள் சுவீடியர்கள் என்று கழக அவையில் சொல்வதைப் பலரால் பொறுக்க முடியவில்லை. உரை நிகழ்த்தப்படாமலே நிறுத்தப்பட்டது. பின்னர், ஸ்லாவியருக்கு அரசமைக்கும் திறனே இல்லை என்று இழிவுபடுத்தும் கருவியாகச் சிலர் இக்கொள்கையைப் பயன்படுத்தினார்கள். நாஜிகள் அந்த வாதத்தைப் படையெடுப்புக்கு நியாயமாக்கினார்கள். சோவியத் காலத்தில் வரங்கியர் (ரஷ்ய நூல்கள் வைக்கிங்குகளைக் குறிக்கும் பெயர்) பங்கைக் கூடியவரை குறைத்துச் சொல்லும் போக்கு உறுதிப்பட்டதில் வியப்பில்லை.

ஆயினும் ஒரு கருத்தை யார் தவறாகப் பயன்படுத்தினார்கள் என்பதைக் கொண்டு அது உண்மையா பொய்யா என்று முடிவு செய்யக் கூடாது. லமனோசவின் கோபத்தை நான் மதிக்கிறேன். எனினும், ஸ்மொலென்ஸ்குக்கு அருகே ஆயிரக்கணக்கான புதைமேடுகள் கொண்ட கினோஸ்தவாவில் அகழ்ந்த சோவியத் தொல்லியலாளர்களே ஸ்காண்டிநேவியப் பெண்கள் அணியும் முட்டை வடிவ உடையூசிகளை வெளிக்கொணர்ந்தார்கள். அதே இடுகாட்டில், அதே காலத்தில், ஸ்லாவியரின் பானைகளும் உள்ளன. ஒருவர் வந்து மற்றவருக்கு அரசு அமைத்துக் கொடுத்தார் என்ற பழைய வாதமும், வந்தவர்கள் பொருட்டே அல்லர் என்ற எதிர்வாதமும் அந்த மண்ணில் பொருந்தவில்லை.


மறுமொழி 4
எழுதியவர்: மயூர் விஹார் வாசகர்

சரோஜினி நகர் வாசகி அம்மையார் எடுத்துக்காட்டிய பாய்ச்சல்கள் என் வாதத்தை மேலும் கூர்மையாக்குகின்றன. அவருக்கு என் நன்றி. பயணிக்குத் தேவையான இடங்களுக்கு மட்டுமே பயணி பெயர் வைத்தான்.

மாணவிக்கு இன்னும் ஒரு செய்தி தேர்வுக்கு உதவும். வடக்கிலிருந்து வந்த இந்தப் பெயர் பின்னர் தெற்கில்தான் ஆழமாக வேர் பிடித்தது. 12-ஆம் நூற்றாண்டில் நோவ்கரோத் ஆண்டுக்குறிப்பு எழுதியவர்கள், தம் ஊர்க்காரர் ஒருவர் கீவுக்குச் சென்றால் 'ரூஸுக்குப் போனார்' என்று எழுதினார்கள். கீவ், செர்னிகோவ், பெரெயஸ்லாவ்ல் சூழ்ந்த நிலமே குறுகிய பொருளில் ரூஸ். இளவரசர் ஆண்ட நிலம் முழுவதும் விரிந்த பொருளில் ரூஸ். கிரேக்கர்கள் அதை ரோசியா என்றார்கள். அந்த வடிவமே மாஸ்கோ வழியாக ரஸ்ஸீயா ஆகி, 1721-இல் முதலாம் பீட்டர் அறிவித்த பேரரசின் பெயராயிற்று. லத்தீனில் எழுதியவர்கள் ருத்தேனியா என்றார்கள். பெலாரஸ் என்பதில் வெள்ளை ரூஸ் இருக்கிறது. கார்பாத்திய மலைகளில் ருசின் என்று தம்மை அழைத்துக்கொள்ளும் மக்கள் இன்றும் வாழ்கிறார்கள். கீவ் ரூஸ் என்ற கூட்டுப் பெயரை மட்டும் அந்தக் காலத்து மக்கள் யாரும் சொன்னதில்லை. 19-ஆம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் வசதிக்காக ஆக்கியது அது. விடைத்தாளில் அதை அக்காலத்துப் பெயர் என்று எழுதிவிடாதீர்கள்.

ஆண்டுக்குறிப்பு நூலில் 862, 912, 945 ஆகிய மூன்று ஆண்டுகளின் பகுதிகளையும் உங்கள் ஆசிரியரின் துணையுடன் பழைய மொழியிலேயே படித்துவிடுங்கள். 911-இன் ஒப்பந்தம் 912-ஆம் ஆண்டின் கீழும், 944-இன் ஒப்பந்தமும் அதன் பெயர்ப் பட்டியலும் 945-ஆம் ஆண்டின் கீழும் உள்ளன. அதே ஆண்டில், ஒரு முறை வாங்கிய வரி போதாதென்று திரெவ்லியரிடம் மறுபடியும் வாங்கத் திரும்பிய இகோர் அவர்கள் கையால் கொல்லப்பட்ட செய்தியும் வருகிறது. குளிர்காலச் சுற்று எத்தகையது என்பதை அந்தப் பக்கம் நேராகச் சொல்லும்.